கண்ணாடி போட்டால் சூப்பர்மேனை அடையாளம் தெரியாதா?

கேள்வி: ஒரு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் சூப்பர்மேனை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகிறது. இதை நம்பும்படி நடித்தவர் யாராவது உண்டா?

உண்டு. கிறிஸ்டோபர் ரீவ். 1978ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் அதற்கு ஒரு காட்சியே போதும்.

தான் விரும்பும் பத்திரிகை நிருபர் லோயிஸை வானத்தில் சுற்றிக் காட்டிவிட்டு சூப்பர்மேன் பறந்துபோகிறார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கிளார்க் கென்ட், அதாவது கண்ணாடி போட்டு சாதாரண நிருபராக வேஷம் கட்டிய அதே சூப்பர்மேன், வந்து நிற்கிறார். அவள் உள்ளறைக்குப் போனதும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவருக்கு ஒரு சபலம். கண்ணாடியைக் கழற்றுகிறார். ஒடுங்கிக் கிடந்த தோள் விரிகிறது, முதுகு நிமிர்கிறது, அவள் பெயரைச் சொல்லும் குரல் கனத்து இறங்குகிறது. அதே கோட்டு, அதே டை, ஆனால் ஆள் வேறு. அவள் திரும்பி வந்ததும் தைரியம் போய்விடுகிறது. பழையபடி கண்ணாடி, பழையபடி கூன். கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை, வெறும் உடம்புதான்.

ரீவ் 6 அடி 4 அங்குல உயரம். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே ஒளிப்பது? கழுத்தை முன்னால் நீட்டி, நெஞ்சை உள்வாங்கி நிற்கிறார். நெஞ்சு ஒடுங்கினால் மூச்சு மேலோட்டமாகிறது, குரலும் தானாக மெலிகிறது. சந்தேகமாக இருந்தால் கூன் போட்டபடி கம்பீரமாக ஒரு வரி பேசிப் பாருங்கள். (நான் பேசிப் பார்த்தேன். கதவு திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை.)

1938ல் வந்த 'பிரிங்கிங் அப் பேபி' படத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு தடுமாறும் விஞ்ஞானியாக வரும் கேரி கிராண்டைத்தான் கிளார்க்குக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டதாக ரீவ் சொல்லியிருக்கிறார். நல்ல தேர்வு. எதையாவது தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பவரின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, சங்கடப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். தெரிந்தவர்களையே தூரத்தில் நடையை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறோம்? நடை மாறினால் பாதி ஆள் மாறியாயிற்று.

1950களின் தொலைக்காட்சித் தொடரில் ஜார்ஜ் ரீவ்ஸ் இந்த வம்புக்கே போகவில்லை. அவருடைய கிளார்க்கும் மிடுக்கான ஆள்தான். உங்கள் கேள்வியில் இருக்கும் கிண்டல் அவருக்குத்தான் சரியாகப் பொருந்தும். அதற்கும் முன்னால், 1940ல் தொடங்கிய வானொலி நாடகத்தில் பட் காலியருக்கு உடம்பைக் காட்ட வழியே இல்லை. பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவிலேயே குரலைத் தாழ்த்தி கிளார்க்கைச் சூப்பர்மேன் ஆக்கிவிடுவார்.

பேட்மேன் பக்கம் வந்தால், கிறிஸ்டியன் பேலின் கரகர குரலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது சிரிப்பைத்தான் வரவழைத்தது. முகமூடி இல்லாத நேரத்தில், விருந்துகளில் பொறுப்பில்லாத பணக்காரனாக அவர் உடம்பைத் தளர்த்தித் திரிவதுதான் நல்ல நடிப்பு.

அப்புறம், 1983ல் வந்த மூன்றாவது சூப்பர்மேன் படம் சுமார்தான். ஆனாலும் பழைய கார்களை நசுக்கும் இடத்தில் கெட்டுப்போன சூப்பர்மேனும் கிளார்க்கும் இரண்டு ஆளாகப் பிரிந்து மோதும் சண்டையைத் தேடிப் பாருங்கள். இரண்டு பேரும் ரீவ்தான். ஜெயிப்பது கண்ணாடிக்காரர்.