மகரந்தத்தின் மரபியல் படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துள்ள தங்கள் மகள் நீட் தேர்வுக்காக இன்னோர் ஆண்டு காத்திருக்க விரும்பவில்லை என்றும், பூக்கும் தாவரங்களில் இனப்பெருக்கச் செல்கள் உருவாவதை மரபணுக்கள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதையே மேற்கொண்டு படிக்க ஆசைப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "பூவையும் மகரந்தத்தையும் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்ற தங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்தத் துறையின் வேலைவாய்ப்பு அந்தப் பாடத்துக்குள்ளேயே இருப்பதால், அவர் படிக்க விரும்புவது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விலங்குகள் பலவற்றில் இனப்பெருக்கச் செல்களுக்கான வழித்தோன்றல் கருவிலேயே தனியாகப் பிரிந்துவிடுகிறது. தாவரத்தில் அப்படியில்லை, பூ தோன்றிய பிறகே மகரந்தப்பையிலும் சூலிலும் உள்ள சாதாரண உடல் செல்களில் சில அந்தப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற கடுகினச் செடியில், இந்தத் தேர்வைத் தொடங்கிவைக்கும் ஸ்போரோசைட்லெஸ் என்ற மரபணு 1999-இல் கண்டறியப்பட்டது. அது பழுதானால் செடி பூக்கும். ஆனால் குன்றல் பகுப்புக்கு, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவுக்கு, செல்ல வேண்டிய தாய் செல்களே உருவாகாததால் விதை பிடிக்காது. எந்தச் செல் தாய் செல்லாக வேண்டும், எது அதற்கு உணவூட்டும் டபீட்டமாக வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் இன்னொரு மரபணுவுக்குப் பங்கு உண்டு. மகரந்தத்துகளுக்குள் உள்ள உருவாக்க செல் இரண்டு ஆண் கேமீட்டுகளாக, அதாவது ஆண் இனப்பெருக்கச் செல்களாக, பிரிவதற்கு டியுஓ1 என்ற மரபணு வேண்டும். அந்த இரண்டில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்று மைய செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவாகிறது. நாம் சோறாக உண்ணும் அரிசியின் பெரும்பகுதி அந்தக் கருவூண் திசுவே.

இந்த மரபியலை நம்பித்தான் வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தி நடக்கிறது. நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒட்டு விதை வேண்டுமென்றால் பெண் பயிரில் மகரந்தம் செயலற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையைக் கையால் நீக்கி வணிக அளவில் விதை எடுக்க முடியாது. 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஆண்மலட்டுக் காட்டு நெல்லில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணு டபீட்டத்தை உரிய காலத்துக்கு முன்பே அழியச் செய்கிறது. உணவூட்டும் திசு போய்விட்டால் மகரந்தம் முதிராது. காட்டு நெல்லிலிருந்து பெண் பயிருக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மலட்டுத்தன்மையை ஈடுகட்டி வளத்தை மீட்கும் உட்கரு மரபணுக்களை ஆண் பெற்றோர் கொண்டுவருவதால் உழவரின் வயலில் விளையும் ஒட்டுப் பயிரில் மணி பிடிக்கிறது. விதை உற்பத்தி வயலில் பணிபுரியும் வல்லுநர், மலராத நெல் பூவிலிருந்து மகரந்தப்பையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். உருண்டையாகக் கருநிறம் ஏறியவை வளமானவை. சுருங்கி நிறமேறாமல் நிற்பவை மலடானவை. பெண் வரிசையில் நிற்கும் ஒரு செடியில் கருநிற மகரந்தம் தெரிந்தால் அது கலவன். பிடுங்கி எறியாவிட்டால் அந்த விதைக் குவியலின் இனத்தூய்மை கெட்டுவிடும். தங்கள் மகள் பாடநூலில் படித்த டபீட்டம் ஒருவருக்குச் சம்பளம் தரும் இடம் இதுதான்.

ஆய்வு இதற்கும் அப்பால் சென்றிருக்கிறது. ஒட்டு ரகத்தின் விதையை எடுத்துவைத்து மறுமுறை விதைத்தால் குன்றல் பகுப்பின்போது பண்புகள் பிரிந்துவிடுவதால், உழவர் பருவந்தோறும் புது விதை வாங்க வேண்டியிருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் இம்ரான் சித்திக்கி குழுவினர், டையாட் என்ற ஒரே மரபணு மாறினால் அரபிடாப்சிஸ் செடி குன்றல் பகுப்பின்றியே, தாயின் மரபுத்தொகுதி முழுவதையும் கொண்ட பெண் கேமீட்டுகளை உருவாக்க முடியும் என்று 2008-இல் காட்டினர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் பத்தாண்டுகளுக்குப் பின், தாயின் நகலாகவே முளைக்கும் விதைகளை நெல்லில் உருவாக்கினர். உழவர் தம் வயலிலேயே ஒட்டு விதையைச் சேமித்துக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. அதற்கு உழைக்க இந்தத் துறையில் ஆள் வேண்டும்.

இனி வழிகள். ஆராய்ச்சியாளர் ஆவதே குறிக்கோள் என்றால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு முதல் தேர்வு. இதற்கான நுழைவுத் தேர்வில் கணிதமும் இயற்பியலும் உண்டு என்பதால், உயிரியல் மட்டுமே விரும்பிப் படித்தவர் தயங்காமல் அவற்றிலும் உழைக்க வேண்டும். இளநிலை தாவரவியல் படித்துவிட்டு முதுநிலைக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வதும் நல்ல வழியே, செலவும் குறைவு. எவ்வழியாயினும் முனைவர் பட்டத்துக்கு முதுநிலைக்குப் பின் ஐந்தாண்டு ஆகலாம். ஆய்வு உதவித்தொகைக்கான தேசிய அளவிலான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வானால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்தக் காலத்தில் பெற்றோர் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியிராது. ஆனால் பட்டம் பெற்றபின் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன்.

தங்கள் கடிதத்தில், வீட்டுக் கடன் இருப்பதையும் அடுத்த பிள்ளை பத்தாம் வகுப்பில் இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நான் முதலில் சொல்வது நான்காண்டு இளநிலை வேளாண்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. பட்டம் முடித்ததும் வேளாண்மை அலுவலர் பணிக்கும், வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வுக்கும் அவர் தகுதி பெறுவார். அதே சமயம், பயிர் இனப்பெருக்கமும் மரபியலும் என்ற முதுநிலைப் பிரிவில் சேர்ந்து, தாம் விரும்பிய பாடத்தையே தொடரலாம். விதை நிறுவனங்கள் ஆள் எடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பிரிவிலிருந்தும் விதை அறிவியலிலிருந்தும்தான். தனியார் கல்லூரி எனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று கட்டணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள். மேற்படிப்புக்குப் போகும்போது அது கேட்கப்படும்.

இந்த வாரமே பல்கலைக்கழக இணையதளத்தில் விண்ணப்பத் தேதிகளைப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு முன், அருகிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மகளை ஒருநாள் அழைத்துச் சென்று, அங்குள்ள பயிர் இனப்பெருக்க விஞ்ஞானியிடம் பேசவிடுங்கள். பேசும்போது கேள்விகளை அவரே கேட்கட்டும். தாங்கள் அருகில் இருந்தால் போதும். திரும்பி வந்த பின்னும் அவருக்கு இந்த விருப்பம் குறையாமல் இருந்தால், கலந்தாய்வில் அவர் எழுதித் தரும் விருப்பப் பட்டியலை மாற்றாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.