வட்டார நெடுஞ்சாலை ஒன்றை மேம்படுத்த, முழு நீளத்தையும் நான்கு வழியாக்குவதுதான் சரியான திட்டமா?

பெரும்பாலும் இல்லை. 60 கி.மீ. சாலை என்பது வரைபடத்தில்தான் ஒரே சாலை. ஊருக்குள் நெளியும் 2 கி.மீ., வெட்டவெளியில் நேராக ஓடும் 15 கி.மீ., மேடேறும் 3 கி.மீ. என ஒவ்வொன்றுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. போக்குவரத்து, அகலம், மண், தார்ப்பரப்பின் நிலை ஆகியவை எங்கெங்கே மாறுகின்றனவோ அங்கே சாலையைத் துண்டு போட்டுக்கொள்வதுதான் முதல் வேலை.

பிறகு ஒவ்வொரு துண்டிலும் 7 நாள், 24 மணி நேரமும் வகைவாரியாக வாகனங்களை எண்ண வேண்டும். கூடவே லாரிகளின் அச்சுப் பளுவையும், அதாவது ஒவ்வொரு சக்கர அச்சும் சாலைமேல் இறக்கும் எடையையும், எடை போட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாலையை உடைப்பது கார் அல்ல. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் லாரிகளை ஓட்டிச் சாலையின் சேதத்தை அளந்த ஆஷோ (AASHO) சோதனையிலிருந்து கிடைத்த தோராய விதிப்படி, சேதம் அச்சுப் பளுவின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரு மடங்கு. லாரிகளின் தலையை மட்டும் எண்ணி சாலை அடுக்குகளின் கனத்தை முடிவு செய்தால், 15 ஆண்டுக்குப் போட்ட சாலை பாதியிலேயே பள்ளம் விழும்.

அடுத்து சந்திப்புகள். நாற்சந்தியில் வாகனப் பாதைகள் முட்டிக்கொள்ளும் புள்ளிகள் 32. முச்சந்தியில் 9, ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. குறுக்குச் சாலையின் ஒரு கிளையைச் சற்றுத் தள்ளி இரண்டு முச்சந்தியாக்கினாலே 32 என்பது 18 ஆகிவிடும். இதற்கு ஆகும் நிலம் அகலப்படுத்தலோடு ஒப்பிட்டால் சொற்பம்.

வளைவுகளில் பார்வைத் தூரத்தை நேரில் போய் அளக்க வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் சுதாரிக்கும் 2.5 வினாடிக்குள் வண்டி 55 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க மேலும் 70 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, சுமார் 130 மீட்டர் முன்னால் தெரிய வேண்டும். உள்வளைவில் ஒரு மதில் மறைத்து நிற்க, சாலையை மட்டும் அகலமாக்கினால் வேகம்தான் கூடும்.

மேட்டில் ஏறுமுகத்துக்கு மட்டும் கூடுதல் தடம் போதும். சுவீடனில் 13 மீட்டர் சாலைகளையே மூன்று தடமாக்கி, நடுவில் கம்பிவடத் தடுப்பு போட்டு, முந்தும் தடத்தை ஓரிரு கிலோமீட்டருக்கு ஒருமுறை திசை மாற்றிக் கொடுத்தார்கள். நேருக்கு நேர் மோதல் வெகுவாகக் குறைந்தது.

அகலப்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஆபத்து பழைய தாருக்கும் புதிய தாருக்கும் இடையிலுள்ள இணைப்பில் இருக்கிறது. பழைய கரை ஆண்டுக்கணக்கில் இறுகியது, புது மண் இனிமேல்தான் அமுங்கும். சரிவின்மேல் அப்படியே மண்ணைக் கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் நீளவாக்கில் விரிசல் ஓடும். கரையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வோர் அடுக்காக இறுக்கி ஏற்ற வேண்டும். இணைப்புக்கோடு சக்கரம் ஓடும் தடத்தில் விழவே கூடாது. விழுந்தால் லாரி ஏறி இறங்கி அதைப் பிளந்துவிடும்.

வடிகாலின் அடிமட்டம் ஜல்லி அடுக்குக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அது சாலைக்கே தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால். ஊருக்குள் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் போகும், பாலத்தின் மேல் வீண் சுமையும் ஏறும்.

கால அட்டவணையில் மின்கம்பம், குடிநீர்க் குழாய் மாற்றும் வேலையைத் தார் வேலைக்கு முன்னால் போடுங்கள். சிறுபாலங்களும் அப்படியே. புதுத் தார் போட்ட மறுமாதம் குழாய்க்காகத் தோண்டினால், மூடிய பள்ளம் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

புறவழிச்சாலை போடுவதானால் எங்கெங்கே இணைப்பு அனுமதி என்பதை முதல் நாளே எழுத்தில் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் இருபுறமும் கடைகள் முளைத்து, அதற்கே இன்னொரு புறவழிச்சாலை கேட்பார்கள்.