92,000 ராண்டுக்குச் சென்சார் வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாடுகுசாவுக்கு (எங்கள் வாயில் இன்னும் ஸ்டேங்கர்தான்) அருகே எங்களுக்கு நிலம் இருக்கிறது. கரும்பு மழையை நம்பி விளைகிறது. 3 ஹெக்டேரில் பீன்ஸ், கத்தரி, மிளகாய் போட்டு, ஆற்றிலிருந்து மின் பம்பில் தண்ணீர் இறைக்கிறோம். காய்கறி ஆண்டுக்குச் சுமார் 36 டன் வருகிறது. கூலி, பெட்டி, வண்டிச் செலவு போகக் கிலோவுக்கு 6 ராண்ட் கையில் நிற்கும். காய்கறிக்கான உரச் செலவு 40,000 ராண்ட், மின்சாரம் யூனிட்டுக்கு 3 ராண்ட். ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்து, ஆறு மண் ஈரச் சென்சார், வானிலைக் கருவி, செல்பேசியில் இயக்கும் பம்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து 92,000 ராண்ட் என்கிறார். 14% வட்டியில் மூன்று ஆண்டுத் தவணை, அதோடு மாதம் 750 ராண்ட் சந்தா. பாதிப் பணம் வரியில் திரும்பிவிடும் என்றும் சொன்னார். வங்கியில் 7% வட்டியில் 80,000 ராண்ட் இருக்கிறது. பேக்கி (சிறு சரக்கு) வண்டிக் கடனில் 65,000 பாக்கி, வட்டி 13.5%. மகன் வாங்கியே ஆக வேண்டும் என்கிறான். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. என்ன செய்யலாம், அம்மா?

பதில்: கையெழுத்துப் போடாமல் எழுதிக் கேட்டீர்களே, அது எனக்குப் பெரிய நிம்மதி. முழுத் தொகுப்பையும் தவணையில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி சொல்கிறேன்.

முதலில் உண்மையான விலையைப் பார்ப்போம். 92,000 ராண்டை 14% வட்டியில் 36 மாதங்களில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,145 ராண்ட், மொத்தம் 1,13,200. மூன்று ஆண்டுச் சந்தா 27,000. ஆக 1,40,200 ராண்ட், அதாவது ஆண்டுக்குச் சுமார் 46,700 ராண்ட் இந்தக் கருவிகளுக்காக உங்கள் நிலம் கூடுதலாகச் சம்பாதித்துத் தர வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் மிச்சமாகும் என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். அது பொய்யில்லை, ஆனால் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 10 கன மீட்டர். ஆண்டுக்கு 200 மி.மீ. குறைவாகப் பாய்ச்சினால் போதும் என்று சென்சார் காட்டிக்கொடுப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 3 ஹெக்டேருக்கு 6,000 கன மீட்டர். ஆற்றிலிருந்து ஏற்றும் உயரத்தையும் குழாய் அழுத்தத்தையும் சேர்த்து 50 மீட்டர் என்றும், பம்பின் திறன் பாதிதான் என்றும் கணக்கிட்டால், மிச்சமாகும் மின்சாரம் ஏறத்தாழ 1,635 யூனிட், பணமாக 4,900 ராண்ட். 46,700 ராண்ட் செலவுக்கு எதிரே இது மிகச் சிறிய தொகை.

இதைவிடப் பெரிய மிச்சம் உரத்தில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் விற்பனையாளர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். நீங்கள் போடும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு நகரும் தன்மை கொண்டது. உங்கள் பக்கத்துக் கடலோரச் செம்மணலில் அளவுக்கு மேல் பாய்ச்சினால், அது வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘கமீலியன்’ என்ற எளிய சென்சார், மண் நனைந்திருந்தால் நீலம், நடுத்தரமாக இருந்தால் பச்சை, காய்ந்திருந்தால் சிவப்பு விளக்கு காட்டும். மொசாம்பிக், தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளின் சிறு விவசாயிகள் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, தாங்கள் அடிக்கடித் தண்ணீர் பாய்ச்சி உரத்தைக் கீழே கழுவிவிட்டதைக் கண்டுகொண்டார்கள். உங்கள் உரச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிக் காப்பாற்றப்பட்டாலும் 8,000 ராண்ட் மிச்சம். மின்சாரத்தையும் சேர்த்தால் 12,900.

மீதி 33,800 ராண்டை விளைச்சல்தான் தர வேண்டும். கிலோவுக்கு 6 ராண்ட் என்றால் ஐந்தரை டன்னுக்கு மேல் கூடுதலாக விளைய வேண்டும். 36 டன் எடுக்கும் நிலத்தில் அது ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, அதுவும் மூன்று ஆண்டுகளும் தவறாமல். வரத்து கூடும் வாரத்தில் பீன்ஸ் விலை எப்படிச் சரியும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சந்தை விலை இறங்கினாலும் தவணை இறங்காது.

வரியில் பாதிப் பணம் திரும்பும் என்ற பேச்சைத் தயவுசெய்து நம்பாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 12-பி பிரிவு, விவசாயக் கருவிகளின் விலையை மூன்று ஆண்டுகளில் 50%, 30%, 20% என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. கழிக்கப்படுவது வருமானம், வரி இல்லை. நீங்கள் 26% வரி விகிதத்தில் இருந்தால், முதல் ஆண்டில் கழியும் 46,000 ராண்டுக்கு மிச்சமாகும் வரி 11,960 ராண்ட் மட்டுமே. வரி கட்டும் அளவுக்கு லாபம் வராத ஆண்டில் அந்தப் பலனும் உடனே கைக்கு வராது.

பம்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு சொல். மின்வெட்டு கடுமையாக இருந்த 2022, 2023-இல், நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் படுக்கையிலிருந்தே பம்பை ஓட்ட முடிந்தது பலருக்கு உதவியது. மின்சார நிறுவனமான எஸ்காமின் ‘ரூராஃப்ளெக்ஸ்’ போல நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்ச நேரத்தைத் தவிர்ப்பதால் நல்ல மிச்சம் கிடைக்கும். உங்களுக்கு எல்லா நேரமும் ஒரே விலை. நேரம் குறித்து அணைக்க ஒரு சாதாரண டைமர் போதும்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் ஒரு சென்சாரின் தனி விலை 4,200 ராண்ட், சமிக்ஞையைப் பெற்று அனுப்பும் பெட்டி 6,500, அடிப்படைச் சந்தா மாதம் 150 ராண்ட். இரண்டு சென்சாரும் அந்தப் பெட்டியும் 14,900 ராண்ட். அதை மட்டும் ரொக்கமாக வாங்குங்கள். இரண்டையும் ஒரே பீன்ஸ் பாத்தியில், ஒன்றை வேர் மிகுந்திருக்கும் 15 முதல் 20 செ.மீ. ஆழத்திலும், மற்றதை 40 செ.மீ. ஆழத்திலும் வையுங்கள். பாய்ச்சிய பிறகு கீழேயுள்ளது நனைந்தால் தண்ணீரும் உரமும் வேரைத் தாண்டிப் போகின்றன என்று பொருள். மண் ஒரே மாதிரி இருந்தால், அந்தப் பாத்தியில் கற்றது மூன்று ஹெக்டேருக்கும் பயன்படும். ஆகவே 12,900 ராண்ட் மிச்சத்தின் பெரும்பகுதியை, விலையை மூன்று ஆண்டுக்குப் பிரித்துச் சந்தாவையும் சேர்த்தால் ஆண்டுக்கு 6,800 ராண்டுக்கும் குறைவான செலவில் அடைய வாய்ப்பிருக்கிறது. ஆறு சென்சார் வாங்குவதால் அறிவு மூன்று மடங்கு ஆகிவிடாது.

வாங்கும் முன் பெட்டியை உங்கள் வயலில் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இவ்வகைச் சென்சார்களின் அலை திறந்த வெளியில் பல கிலோமீட்டர் போகும் என்பார்கள். உங்கள் ஊரின் மேடு பள்ளமும், ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் கரும்பும் அதைப் பாதியில் நிறுத்திவிடக் கூடும். கருவி திருட்டுப் போனால் உங்கள் காப்பீடு ஈடு தருமா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மீதமிருக்கும் 65,100 ராண்டில் 20,000 ராண்டைப் பேக்கிக் கடனில் கட்டுங்கள். அந்தத் தொகை வங்கியில் ஆண்டுக்கு 1,400 ராண்ட் ஈட்டுகிறது, கடனிலோ 2,700 ராண்ட் வட்டியாகக் கரைகிறது. தேசியக் கடன் சட்டம் எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிச் செலுத்தும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. 45,100 ராண்டைத் தொடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பம்பையும் குழாயையும் இழந்து, மாற்று வாங்க அவசரக் கடனுக்குப் போன குடும்பங்களை நான் அருகிலிருந்து பார்த்தேன். உங்கள் பம்பும் ஆற்றங்கரையில்தான் நிற்கிறது.

நான் இதை எழுதுவதற்குள் விற்பனையாளரின் வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். வீடு தேடி வந்து விற்ற பொருளுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உங்கள் சொந்தப் பெயரில் எடுக்கும் கால வரையறைச் சந்தாவையும் 20 வேலை நாள் முன்னறிவிப்புடன் நிறுத்தலாம், நியாயமான ஒரு கட்டணம் கேட்பார்கள். ஆனால் தவணைக் கடன் தனி ஒப்பந்தமாக இருந்தால், சேவை தரும் நிறுவனம் மூடிப்போனாலும் கடன் உங்கள் தலையில் நிற்கும். தவணைத் திட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய அச்சமே அதுதான்.

மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எந்த நாள் எத்தனை மணி நேரம் பம்பு ஓடியது, சென்சார் என்ன காட்டியது, நீங்கள் பழக்கத்தில் எவ்வளவு பாய்ச்சியிருப்பீர்கள், உண்மையில் எவ்வளவு பாய்ச்சினீர்கள் என்று அவர் எழுதட்டும். குளிர்கால வறட்சியில்தான் உங்கள் பம்பு அதிகம் ஓடுகிறது. அதனால் மே முதல் செப்டம்பர் வரை எழுதினாலே போதிய விவரம் கிடைக்கும். அக்டோபரில் மழை தொடங்கும்போது அந்த நோட்டையும், இரண்டு ஆண்டுகளின் மின் ரசீதுகளையும், உரக் கடைச் சீட்டுகளையும் எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது சென்சார் வாங்கலாமா என்பதை அப்போது உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.