கையில் உள்ள காசுக்கு ஒரு கல்வீடு: கேள்வி பதில்

வன்னியில் இருபது வருடமாக மேசன் வேலை செய்கிறேன். வீடு கட்டப் போகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, கையில் கொஞ்சக் காசுதான். எதில் குறைக்கலாம்? (புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, அத்திவாரத்திலும் கூரையிலும் கை வைக்காதீர்கள். முன் தூண், பூ வேலை எல்லாம் பிறகு பார்க்கலாம். போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியோடு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடிக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அந்த அளவோடு நிற்காமல் பெரிதாகத் தொடங்கியவர்கள் நகையை அடகு வைத்தார்கள். சில வீடுகளில் சுவர் இன்னும் பூசவில்லை.

இப்போதைக்கு இரண்டு அறையும் விறாந்தையும் போதும். ஆனால் பிறகு அறை கூட்டுகிற வழியை இன்றைக்கே வைத்துவிடுங்கள். பின்பக்கம் கூரையை இறக்கிக் கூட்டுவது பலர் விடுகிற பிழை. ஓட்டுச் சாய்வில் எட்டு அடி நீட்டினால் கிட்டத்தட்ட நாலு அடி கீழே இறங்கும். அப்புறம் குனிந்துதான் போக வேண்டும். முகடு ஓடுகிற பக்கமாக நீட்டுங்கள். அந்தப் பக்கச் சுவர் யன்னலுக்குக் கதவு அகலத்தில், கதவு உயரத்தில் லிண்டல் (மேலே சுவரைத் தாங்குகிற கொங்கிறீற் உத்தரம்) போடுங்கள். நாளைக்கு யன்னலுக்குக் கீழே உடைத்தால் வாசல் ஆகிவிடும்.

வயல்கரைக் களிமண் காணி. சுவர் வெடிக்குமா? (கிளிநொச்சி)

வெடிக்கும். களி மாரியில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆடி, ஆவணியில் கிடங்கு வெட்டிப் பாருங்கள், நிலம் எவ்வளவு ஆழத்துக்குப் பிளந்திருக்கிறது என்று தெரியும். அத்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். மேலே சுற்றிவரக் கம்பி வைத்துக் கொங்கிறீற் வளையம் போடுங்கள். தாழ்வாரத்தை இரண்டடி நீட்டினால் கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாது.

கூரைக்கு ஓடா, தகரமா? (மாங்குளம்)

ஓடு. கூரை மரம் விலை கூட என்றால் வைரம் பாய்ந்த பனை போதும். தறிக்க முன் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள்.

அயலில் எல்லாரும் பிளாட் (தட்டையான கொங்கிறீற் கூரை) அடிக்கிறார்கள். எங்கள் ஓட்டு வீடு குறைவாகத் தெரியாதா? (நெடுங்கேணி)

வைகாசி மத்தியானம் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள், தம்பி.

விறகடுப்புக் குசினி எந்த மூலையில்? சாத்திரியார் அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு என்கிறார். (முழங்காவில்)

சாத்திரம் எனக்குத் தெரியாது, காற்றுத் தெரியும். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கில் குசினி இருந்தால் இரண்டும் புகையை வீட்டுக்குள் தள்ளாது. இந்த விசயத்தில் சாத்திரியாரோடு எனக்குச் சண்டை இல்லை.