மலருக்குச் சக்தி வேண்டாம், வேலை கொடுங்கள்

வணக்கம். உங்கள் கதையில் நண்பர்கள் மூவருக்கும் மந்திரம் தெரியும், புதுச்சேரியின் மீனவக் குப்பமான வைத்திக்குப்பத்து மலர் மட்டும் வேடிக்கை பார்க்கிறாள், கடைசி அத்தியாயத்தில் அவளுக்கும் சக்தி கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். சாதாரணப் பெண்ணை நம்பி இத்தனை பக்கம் கூடவே வந்த வாசகருக்கு அது துரோகம்.

சக்தி இல்லாதது அவள் குறையே அல்ல. கதையில் அவள் முடிவெடுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை, அதுதான் சிக்கல். உங்கள் உச்சக்காட்சி நடப்பதோ மாசி மகத்தன்று. பல ஊர் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் நாள்; மந்திரக்காரர்களுக்குக் கை வீசக்கூட இடம் இராது. அந்த நெரிசலில் அவர்கள் திண்டாடட்டும். எந்தச் சந்து கடலில் போய் முடியும், எந்தப் படகுக்காரர் கேள்வி கேட்காமல் உதவுவார் என்பதெல்லாம் குப்பத்தில் பிறந்தவளுக்குத்தானே தெரியும்? யாரைப் படகில் ஏற்றுவது, யாரைக் கரையில் விடுவது என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்தால் ஒரு நண்பனை அவள் இழந்தாலும் சரி.

நண்பர்களின் காயங்கள் மந்திரத்தால் ஆறுகின்றன. மலர் கையில் கட்டோடு பிளஸ் டூ தேர்வுக்குப் போகட்டும். மாசி மகம் தேர்வுக் காலத்தை ஒட்டித்தான் வருகிறது. அதை நீங்கள் தொடவே இல்லையே!

(பேசும் காகம் அருமை. அதில் கை வைக்காதீர்கள்.)

இன்னொன்று: மூன்றாம் அத்தியாயத்தில் இரவு எட்டு மணிக்கு வில்லனின் கார் கடற்கரைச் சாலையில் பறக்கிறது. மாலைக்குப் பிறகு அங்கே வண்டிகளை விடுவதில்லை. புதுச்சேரிக்காரர்கள் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.