அம்மணி, நங்கை, திருமதி: கொங்குப் பக்கத்துக் கேள்வி பதில்

பல்லடம்: வீட்டில் பெண்பிள்ளையை ‘அம்மிணி’ என்கிறோம். வெளியூரார் கேலி என்று நினைக்கிறார்கள். மரியாதைச் சொல்தானா?

மரியாதைச் சொல்லேதான். எழுத்தில் அம்மணி, பேச்சில் அம்மிணி. ‘அம்மா’, ‘அம்மை’ பிறந்த அதே வேர். பையனை ‘அப்புனு’ என்பதற்கு இணை. பெற்ற பிள்ளையைத் தாயாக, தகப்பனாக வைத்து விளிக்கும் பழக்கம். திருவண்ணாமலைக் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். அதைக் கட்டி முடித்த துறவியின் பெயர் அம்மணி அம்மாள். இதில் கேலிக்கு ஏது இடம்?

ஆனால் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். மூத்தவர்களுக்கு ‘அக்காங்க’, ‘அம்மாங்க’தான். முன்பின் அறியாத இளம்பெண் என்றால் ‘ங்க’ சேராமல் பேசாதீர்கள்: “ஏனுங் அம்மணி, பஸ்ஸு போயிருச்சுங்களா?” ‘ங்க’ இல்லாவிட்டால் அதே சொல் அத்துமீறலாகப் படும்.

சத்தியமங்கலம்: இது கன்னடத்திலிருந்து வந்ததா?

மைசூர் அரச குடும்பப் பெண்களின் பெயரில் ‘அம்மண்ணி’ உண்டு. லட்சுமி அம்மண்ணி என்று ராணியே இருந்தார். கோவைப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்ததால் ஐயம் நியாயமே. ஆனால் வேர் இரு மொழிக்கும் பொது. கடன் வாங்கியதாகக் கொள்ளத் தேவையில்லை.

காங்கயம்: அண்ணியை ஏன் ‘நங்கை’ என்கிறோம்?

நம்பிக்குப் பெண்பால் நங்கை, பெண்களில் சிறந்தவள். மற்ற ஊர்களில் செய்யுளோடு நின்ற சொல், இங்கே நங்கையாளாக வீட்டுக்குள் நடமாடுகிறது. தயவுசெய்து பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஈரோடு: ‘திருமதி’யில் மதி என்பது நிலவா, அறிவா?

இரண்டுமில்லை. வடமொழி ‘ஸ்ரீமதி’யில் மதி என்பது ‘உடையவள்’ என்னும் விகுதி. ஸ்ரீ போய்த் திரு வந்தது. 1967இல் அண்ணா ஆட்சி அரசு வழக்கில் திரு, திருமதி, செல்வி என்று மாற்றியது. முழுத் தமிழ் வேண்டுமென்றால் திருவாட்டி. மூதாட்டி, பெருமாட்டி போல. சிங்கப்பூரில் நன்றாகவே புழங்குகிறது. மணமானவரா என்று தெரியாத இடத்தில் இதையே எழுதலாம் என்பேன்.

கோபி: கல்யாணப் பத்திரிகையில் ‘திருவளர்ச்செல்வி’ சரியா?

திருவளர்செல்வி, திருநிறைசெல்வி என்பதே சரி. ‘வளர்செல்வி’, ‘நிறைசெல்வி’ வினைத்தொகை, ‘ச்’ மிகாது. அச்சகத்தில் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள், புரூஃபிலேயே அடித்துவிடுங்கள். வீட்டில் இன்னும் கல்யாணம் பாக்கியிருந்தால் ‘வளர்’, கடைசிப் பிள்ளைக்கு ‘நிறை’ என்பது வழக்கம். திரு, திருமதிக்குப் பின் புள்ளி வேண்டாம். அவை முழுச் சொற்கள். புள்ளி இன்ஷியலுக்கு மட்டும்.