சோழர் வீழாத கதை: முடிச்சை எங்கே மாற்றுவது?

வாசகர் கேள்வி: சோழப் பேரரசு 1279-ல் முடியாமல் நீடித்திருந்தால் என்ற கற்பனையில் தொடர்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆதித்த கரிகாலன் கொலையைத் தடுத்துவிட்டால் போதுமா? இல்லை, 1231-ல் தெள்ளாற்றில் மூன்றாம் ராஜராஜனை ஜெயிக்க வைக்கலாமா? படிப்பவர் நம்பும்படி இருக்க வேண்டும்.

இரண்டுமே வேண்டாம். முதலாம் ராஜராஜனின் அண்ணன் கரிகாலன் பிழைத்தால் அரியணையில் ஆள் மாறும், அவ்வளவுதான். பேரரசை வீழ்த்திய நோய் தலைகாட்டியது அதற்கு இருநூறு ஆண்டு கழித்து. தெள்ளாறோ, நோய் முற்றிப்போன கட்டம்.

தெள்ளாற்றில் நடந்ததையே பாருங்கள். பாண்டியனிடம் தோற்று வடக்கே ஓடிய ராஜராஜனை வழிமறித்துப் பிடித்தவன் அந்நியன் இல்லை. சோழருக்குக் கீழே இருந்த காடவர் குடும்பத்துக் கோப்பெருஞ்சிங்கன். பிடித்துக்கொண்டுபோய், இன்று உளுந்தூர்ப்பேட்டை பக்கம் இருக்கும் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். மீட்க வந்ததும் சோழப் படை இல்லை. கர்நாடகத்து ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்ற இரு தளபதிகளை அனுப்பினான். அவர்கள் வழியில் ஊர்களை அழித்துக்கொண்டே போய், நடுவில் தில்லையில் பொன்னம்பலத்தைக் கும்பிட்டுவிட்டு, சேந்தமங்கலத்தை நெருக்கி அரசனை விடுவித்ததைத் திருவந்திபுரம் கல்வெட்டு ஒரு கதைபோலச் சொல்கிறது. அவசியம் படியுங்கள், ஓர் அத்தியாயமே அதில் இருக்கிறது. ஆனால் பேரரசனை மீட்க அயலான் படைதான் வர வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, ஒரு போரை ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

சரி, அந்த நிலை எப்படி வந்தது? முதலாம் ராஜராஜனும் ராஜேந்திரனும் வெறும் வாளால் ஆளவில்லை. நிலத்தை அளந்தார்கள், வரியை ஒழுங்காக வாங்கினார்கள், அரசன் பெயரையே தாங்கிய படைப்பிரிவுகளை வைத்திருந்தார்கள். மதுரையில் சோழ இளவரசனையே 'சோழ பாண்டியன்' என்று உட்காரவைத்தான் ராஜேந்திரன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தப் பிடி தளர்ந்தது. சம்புவராயர், காடவராயர், மலையமான், வாணகோவரையர் என்று வட்டாரத் தலைவர்கள் தலையெடுத்தார்கள். பாடிகாவல் அவர்கள் கைக்குப் போனது. பாடிகாவல் என்றால் ஊர்க் காவல். காவல் காப்பவனுக்கு ஊர் வரி கொடுக்கும். வரி யார் கையில் போகிறதோ அவன் பின்னால்தான் ஆளும் போகும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இந்தத் தலைவர்கள், உன் பகைவன் என் பகைவன் என்று தங்களுக்குள்ளேயே உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டினார்கள். அரசன் உயிரோடு, அதுவும் பலத்தோடு இருக்கும்போதே!

என்னைக் கேட்டால் உங்கள் கதையின் திருப்பம் இந்தக் குலோத்துங்கனிடம்தான் இருக்கிறது. 1178-ல் பட்டத்துக்கு வந்தவன், வலுவான கடைசிச் சோழன். கும்பகோணம் அருகே திரிபுவனம் கோயிலைப் பார்த்தால், வீழப்போகும் அரசு கட்டியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1205 வாக்கில் மதுரைக்குள் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். இடித்த இடத்தில், அவமானப்படுத்துவதற்கென்றே, கழுதை பூட்டி உழுது கவடி விதைத்தான். அப்புறம்? ஊரை ஆள யாரையும் வைக்காமல், பாண்டியனிடமே நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ராஜேந்திரனைப் போல நேரடியாகவும் ஆளவில்லை, மரியாதை கொடுத்து நட்பாகவும் வைத்துக்கொள்ளவில்லை. அவமானம் மட்டும் மதுரையில் தங்கியது.

அடிபட்ட பாண்டியனின் தம்பி மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216-ல் பட்டம் ஏறினான். தஞ்சையும் உறந்தையும் (உறையூர்) எரிந்தன. கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியிலும் அதே கழுதை, அதே கவடி! கடனை வட்டியோடு தீர்த்திருக்கிறான். பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளிய' என்று பட்டமும் போட்டுக்கொண்டான். நடுவே ஹொய்சளர் சோழனுக்காக இறங்கினார்கள், அதற்கான விலையோடுதான். கொஞ்ச காலத்தில் சமயபுரம் அருகே கண்ணனூரில் அவர்கள் அரண்மனையே வந்துவிட்டது.

ஆக, 1205-ல் குலோத்துங்கன் மண்டபத்தை இடிக்காமல் பாண்டியனோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால்? காடவரும் சம்புவராயரும் சாய்ந்துகொள்ள இன்னொரு தோள் இல்லாமல் போயிருக்கும். பாடிகாவலை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க அரசனுக்கு ஒரு தலைமுறை அவகாசம் கிடைத்திருக்கும். இது நம்பக்கூடிய கதை. மதுரையில் மறுபடி சோழ இளவரசனை வைக்கும் வழியும் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அந்த முறையே முன்பு நிலைக்கவில்லை.

நீடித்த சோழ அரசை 1311-க்குக் கொண்டுவரும்போது கவனம். நிஜத்தில் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர், ஹொய்சளர் தலைநகர் துவாரசமுத்திரத்தைப் பணியவைத்துவிட்டுத் தெற்கே இறங்கியபோது, பாண்டிய நாட்டில் அரச குமாரர்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கதையில் காவிரியிலும் வைகையிலும் ஒன்றுக்கொன்று பகையில்லாத இரண்டு அரசுகள் இருந்தால், அந்தப் படையெடுப்பு இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. மதுரை சுல்தானகம் வராமலே போகலாம். அப்படியானால் அந்தச் சுல்தானகத்தை வென்ற விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரைக்கு வரவும் காரணம் இருக்காது. இந்தச் சங்கிலியை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தொடரில் ஓட்டை விழாது.

இன்னொன்று. வீழ்ச்சி ஊருக்குள் இருப்பவனுக்குத் தெரிந்ததுபோல எழுதிவிடாதீர்கள். ஊரில் வரி வாங்குகிறவன் மாறிய பிறகும், கோயிலுக்கு விளக்கு எரிக்க ஆடு விட்ட கல்வெட்டு 'திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீராஜராஜ தேவர்க்கு யாண்டு' என்றுதான் தொடங்கும். கல்தச்சன் அந்த வரியை வெட்டிக்கொண்டிருக்கும்போது, சக்கரவர்த்தி சேந்தமங்கலத்தில் சிறையில் இருந்தார்.